பக்கத்து அறையில் விதைநெல்

எங்கள் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கப் போன அன்று என் கையில் வெறும் சோடாப் பேணி ஒன்று இருந்தது. எங்கள் பகுதியில் கர்ப்பிணிப் பெண்களை வீடு வீடாகச் சென்று பார்க்கும் மருத்துவமாது சொல்லிக் கொடுத்த வழி அது. தொட்டில் சட்டங்களின் இடைவெளிக்குள் அந்தத் தகரப் பேணி நுழையக்கூடாது. நுழைந்தால் பிள்ளையின் உடம்பும் நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். கிளிநொச்சியில் தளபாடக் கடை கடையாக ஏறி இறங்கி, கண்ட தொட்டிலில் எல்லாம் பேணியைச் செருகிப் பார்த்தேன். மூன்றாவது கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, சோடா வேணுமெண்டா அங்கால கடையில இருக்கு. இஞ்ச வந்து ஏன் சாமானை நோண்டுறியள்?" என்றார்.

நான் கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன். நான்காவது கடையில் பேணி நுழையாத தொட்டில் ஒன்று கிடைத்தது. வேப்பமரத்தில் செய்தது, பூச்சு எதுவும் பூசாதது. அதன் சட்டங்களை விரலால் தடவித் தடவி, கையில் ஏறுகிற சிலாம்பு இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் கடைக்காரர் ஒரு அலுமாரியையே விற்று முடித்துவிட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. முரசுமோட்டையில் நெல் விதைத்து வெட்டுகிறவன். கலியாணம் முடித்து ஒன்பது வருடமாகியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை பிள்ளை தங்கி, தங்கிய பிள்ளை தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம். அதைப்பற்றி நானும் மனைவியும் பேசுவதில்லை. மூன்றாவது தடவை அவளுடைய வயிறு ஆறு மாதத்தைத் தாண்டியதும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்குப் பயம் தொடங்கியது. பிள்ளை பிறப்பதைப் பற்றிய பயம் இல்லை அது. ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிறந்து, வீட்டுக்கு வந்து, என் கூரைக்குக் கீழே படுத்திருக்கும்போது மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயத்துக்கு முகம் இல்லை. ஆகவே கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் அதைத் தேடினேன்.

மருத்துவமாது சொன்னதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். பிள்ளையை நிமிர்த்திப் படுக்க வைக்க வேண்டும். தலையணை வேண்டாம். மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும், அதற்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகக்கூடாது. போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலுக்குள் கூடாது. நுளம்புவலை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், முகத்தில் விழக்கூடாது. கழுவி வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள் போதும். மனைவியின் தங்கை வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். அதற்குள் பஞ்சு வைத்த சுற்றுத்தலையணை, மயிர் நிறைந்த கரடிப் பொம்மை, பனி கொட்டுகிற ஊருக்கு ஏற்ற கம்பளிப் போர்வை. வன்னி வெயிலுக்கு அதைப் போர்த்தினால் பிள்ளை அவிந்துவிடும். எல்லாவற்றையும் அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன்.

"இவ்வளவு சட்டம் இருக்கிற வீட்டுக்கு வாறதுக்குப் பிள்ளையே யோசிக்கப்போகுது" என்றாள் மனைவி, பாயில் காலை நீட்டியபடி.

"நீர் பகிடி விடாதையும்" என்றேன். சிரிப்பு வரவில்லை.

என் அக்கா உருத்திரபுரத்தில் இருக்கிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. பிள்ளைப்பேறு பார்க்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பை அவர்தான் எடுத்திருந்தார். தொட்டிலைக் கண்டதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"பிறக்க முன்னம் தொட்டிலைக் கொண்டந்து வைக்கிறதே? உனக்கு விசரே தம்பி?"

ஒருவாறு சமாதானமானோம். தொட்டிலைப் பூட்டாமல் துண்டு துண்டாக அறைச் சுவரில் சாத்தி வைப்பது, பிள்ளை பிறந்த சேதி வந்ததும் பூட்டுவது. அக்கா போன மறுநாளே நான் அதைப் பூட்டிவிட்டேன். ஆணிகள் சரியாக இறுகுகின்றனவா என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

எங்கள் வீடு மீள்குடியேற்றத்தில் கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் விறாந்தை. மேலே சீலிங் இல்லை, நிமிர்ந்து பார்த்தால் ஓடு தெரியும். அறைச் சுவர்களும் கூரை வரைக்கும் போவதில்லை, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். ஒரு அறையில் இருமினால் மற்ற அறையில் கேட்கும். அந்த இரண்டு அறைகளில் நல்ல அறையில், மழைக்கு ஒழுகாத அறையில், என் விதைநெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மாரி மழைக்கு விதைத்து மாசியில் வெட்டிய காலபோகத்து நெல், அடுத்த காலபோகத்துக்கு விதைக்க வேண்டியது. எங்கள் பக்கத்தில் விதைநெல்லுக்கும் கைப்பிள்ளைக்கும் வீட்டில் ஒரே இடம்தான், ஈரம் படாத இடம். இந்தத் தடவை பிள்ளைக்காக மூட்டைகளை மற்ற அறைக்கு மாற்றினேன். முதுகு விட்டுப்போகச் சுமந்து, அடுக்கி, தறப்பாளால் மூடினேன்.

ஒரு வாரம் கழித்து வெறும் தொட்டிலின் மெத்தையில் ஒரு வண்டைக் கண்டேன். நெல்லில் விழுகிற சின்னக் கறுத்த வண்டு. அது மெதுவாக, யாருக்கும் பயப்படாமல், பிள்ளையின் தலை வரவேண்டிய இடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. நசுக்கினேன். அதோடு என் நித்திரை போய்விட்டது. பிள்ளையின் காதுக்குள் வண்டு போனால்? மூக்குக்குள் போனால்? நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மனைவியிடம் சொன்னேன். அவள், "வண்டுதானே, புலியில்லையே" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

புளியங்குளம் பக்கத்தில் நெல் வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கி வைக்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய் வண்டுக்குப் போடுகிற குளிசை, மாத்திரை மாதிரியான மருந்து, கேட்டேன். நெல்லை மூடிக்கட்டி உள்ளே வைத்தால் அந்தக் குளிசையிலிருந்து மெல்ல மெல்ல வாயு கிளம்பும், வண்டும் புழுவும் முட்டையோடு சாகும். அவர் தரத் தயங்கினார்.

"அண்ணை, இது களஞ்சியத்துக்குப் போடுற சாமான். வீட்டுக்குச் சரிவராது. வண்டை மட்டும் பாத்துக் கொல்லுற மருந்தில்லை இது."

அவர் சொன்ன மற்ற எச்சரிக்கைகளைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வற்புறுத்தி வாங்கினேன். வீட்டில் ஆள் இருக்காது என்று சத்தியம் செய்யாத குறை. அது பொய்யும் இல்லை. என் திட்டம் தெளிவாக இருந்தது. மனைவிக்கு நாள் குறித்திருந்தது ஆவணி முதல் கிழமை. இப்போது ஆடி நடுப்பகுதி. வீட்டைத் துப்புரவாக்கவென்று மட்டும் சொல்லி அவளைப் பத்து நாளுக்கு அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவது, குளிசையைப் போட்டு அறையைப் பூட்டுவது, நான் முற்றத்துக் கொட்டிலில் படுப்பது, பத்து நாள் முடிந்ததும் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்து காற்றோட விடுவது. பிள்ளை வரும்போது வீட்டில் ஒரு வண்டும் இருக்காது. இதையும் கொப்பியில் எழுதி, செய்து முடித்த ஒவ்வொன்றையும் வெட்டினேன். அறையைப் பூட்டித் திறப்பை அரைஞாணில் கோர்த்துக்கொண்டபோது, ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் காலை அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, அவளுக்கு நோகுதாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறம். நீ நேர அங்க வா."

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் துண்டு துண்டானவை. மோட்டார் சைக்கிள் பரந்தன் சந்தியில் எண்ணெய் முடிந்து நின்றது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். தாதி மிஸ்ஸி ஒருவர் வெளியே வந்து, "பொம்பிளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம்" என்றார். நிறை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கையில் வாங்கியபோது பாரமே தெரியவில்லை. மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். விட்டாள். நான் அழுதேன். அக்கம்பக்கம் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

குளிசையை நான் மறந்தது அந்த நேரத்தில்தான். அதற்கு எந்தச் சாட்டும் சொல்ல முடியாது. பயத்தையே தொழிலாக வைத்திருந்தவன் சந்தோசத்தில் அதை ஒருநாள் கீழே வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், வீட்டுக்குப் போகலாமென்று துண்டு வெட்டினார்கள். அக்கா தன் வீட்டுக்கே போகலாம் என்றார். அங்கே எல்லாம் ஆயத்தமாக இருந்தது, கிணற்றடியும் கிட்ட. நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"இல்லையக்கா. தொட்டில் அங்கதான் கிடக்கு. உங்கட வீட்டில பிள்ளையை எதில படுக்க வைக்கிறது? சீலை கட்டின ஏணையிலயோ? ஏணையில சுருண்டு மூச்சடைக்கும் எண்டு மருத்துவமாது மிஸ் சொன்னவா."

"நாங்கள் எல்லாரும் ஏணையில கிடந்தனாங்கள்தான். நீயும்தான்."

"எங்கட வீட்டுக்குத்தான் போறம்" என்றேன். மனைவி களைத்திருந்தாள். ஓட்டோ முரசுமோட்டைக்குத் திரும்பியது.

முற்பகல் பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். மற்ற அறையின் பூட்டு என் கண்ணெதிரே தொங்கியது. கண்டேன். விதைநெல் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குமேல் மனம் போகவில்லை. கைகழுவிவிட்டு மெத்தை விளிம்பில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. நுளம்புவலையை இழுத்துக் கட்டினேன். பிள்ளையை நிமிர்த்திப் படுக்க வைத்தேன். வெளியே சோளகக் காற்று செம்மண் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்ததால் யன்னல்களை நானே இறுகச் சாத்தினேன். பிள்ளைப்பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று அக்காவும் அறைக்கதவைச் சாத்தினார். அந்த ஒரு விசயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டை வரவில்லை.

சண்டை சாம்பிராணிக்கு வந்தது. அக்கா சிரட்டைத் தணலில் தூளைத் தூவி, புகையோடு அறைக்குள் வந்தார். நான் வாசலை மறித்தேன்.

"புகை வேண்டாமக்கா. பிஞ்சு நெஞ்சு அது."

"நான் பெத்த நாலும் இந்தப் புகையிலதான் வளந்ததுகள். ஒண்டுக்கும் ஒண்டும் வரேல்ல."

"இது உங்கட பிள்ளையில்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு வெட்கமாக இருந்தது, ஆனால் விலகவில்லை. அக்கா முகம் கறுத்து, தணலை முற்றத்தில் கொட்டிவிட்டுக் குசினிக்குப் போனார்.

மத்தியானம் அறைக்குள் உள்ளிப்பூண்டு மணத்தது. பிள்ளைப்பெற்றவளுக்கு மல்லி, மிளகு எல்லாம் வறுத்து அரைத்து, கை நிறைய உள்ளி போட்டு வைக்கிற சரக்குக்கறி எங்கள் வீடுகளில் வழக்கம். அக்கா கோபத்தில் உள்ளியைக் கூடப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். மனைவி தலையிடி என்றாள். வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள். மூன்று நாள் நித்திரை இல்லாதவளுக்குத் தலையிடிக்காமல் என்ன செய்யும்? கொஞ்சம் படுத்திரும் என்றேன். பிள்ளை நல்ல நித்திரை. பாலுக்கு நேரம் வந்தும் எழும்பவில்லை. நித்திரை கொள்கிற பிள்ளையைக் குழப்பக்கூடாது என்று அவள் காத்திருந்தாள். நான் வலைக்கு வெளியே குந்தியிருந்து அதன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் தலை பாரமாக இருந்தது.

இரண்டு மணிபோல எழும்பிக் குசினி வாசலுக்குப் போனேன்.

"அக்கா, உள்ளியைக் கொஞ்சம் குறையுங்கோ. அறைக்குள்ள மணம் தாங்கேலாமக் கிடக்கு."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ன உள்ளி? நான் இன்னும் ஒண்டும் அடுப்பில வைக்கேல்ல" என்றார். உள்ளி அவர் பக்கத்தில் சுளகில் கிடந்தது, தோல் உரிக்காமல். "எனக்கும் உங்காலயிருந்துதான் மணக்குது. உள்ளியும் அழுகின மீனும் சேந்த மாதிரி. எலி ஏதும் செத்துக் கிடக்கோ பார்."

களஞ்சியக்காரர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. மணந்தால் அங்கே நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். உள்ளி மாதிரி மணக்கும் என்றும் சொல்லியிருந்தார். நான் திரும்பி ஓடிய ஓட்டத்தில் சுளகு எங்கே போனது என்று தெரியாது. வலையைப் பிய்த்தேன். நான் அவ்வளவு பாடுபட்டு இழுத்துக் கட்டிய முடிச்சுகள் அவிழவில்லை. கிழித்தேன். பிள்ளையை அள்ளிக்கொண்டு, "வெளியில வாங்கோ, எல்லாரும் வெளியில வாங்கோ" என்று கத்தியபடி முற்றம் தாண்டி, படலை தாண்டி, வீதிக்கே போய்விட்டேன்.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனைவியை உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தையல் போட்ட உடம்போடு அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து விறாந்தைக்கு வந்துகொண்டிருந்தாள். அக்கா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். என்ன நடந்தது என்று இருவருக்கும் தெரியாது. "பிள்ளைக்கு என்ன? பிள்ளைக்கு என்ன?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை. இன்னொரு தடவை சுண்டினேன். முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் தடவை ஒரு சின்னச் சத்தம் வந்தது, பூனைக்குட்டி கத்துவதைப்போல. அந்தச் சோளகக் காற்று இப்போது அவளுடைய முகத்தில் புழுதியோடு அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் மனைவி கேட்டாள். "சொல்லுங்கோ, என்ன?" பிள்ளையின் மூக்குக்கருகே கன்னத்தை வைத்தபடியே இருந்தேன்.

அங்கே ஒரு இளம் டொக்டர் இருந்தார், பெண். பிள்ளையின் காலில் ஒரு கிளிப்பை மாட்டி, முகத்துக்கு ஒட்சிசன் வைத்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டில மருந்து ஏதும் அடிச்சனீங்களோ?"

மனைவி இல்லை என்று தலையாட்டினாள். நான் ஓம் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன குளிசை, எத்தனை நாள், எந்த அறை என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"பக்கத்து அறை. கதவைப் பூட்டினனான்" என்றேன், அதுதான் என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே நியாயம் என்பதால்.

"நடுச்சுவர் கூரை வரைக்கும் போகுதோ?"

அந்தச் சுவருக்கு மேலால் எத்தனை தடவை மனைவியின் இருமலைக் கேட்டிருக்கிறேன். ஒரு வண்டு அந்தச் சுவரைத் தாண்டி வந்ததைக் கண்டுதானே அத்தனையையும் தொடங்கினேன்.

இரண்டு நாள் எங்கள் எல்லோரையும் வைத்திருந்து பார்த்தார்கள். களஞ்சியக்காரர் முகமூடி போட்ட ஆட்களோடு போய், மூட்டைகளை வெளியே எடுத்து, வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தார். என்னைக் கண்டதும் கெட்ட வார்த்தையில் பேசினார். கேட்டுக்கொண்டேன். அக்கா ஒரே ஒரு வசனம் சொன்னார். "சாம்பிராணிப் புகைக்கு என்னோட சண்டை பிடிச்சனி." மனைவி பால் கொடுத்தாள், பிள்ளையைத் தட்டினாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

இரண்டாம் நாள் பிள்ளை வீரிட்டு அழுது, கண்ணைத் திறந்து, நன்றாகப் பால் குடித்தாள். டொக்டர் வந்து, நெஞ்சைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றார். கெதியாகக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் துண்டை வாங்கிக்கொண்டு, உடுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றேன். மனைவி எழும்பவில்லை. பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி, அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேற என்னவும் வச்சிருக்கிறியளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குசினித் தட்டுக்குக் கீழே களைகொல்லிப் போத்தல். அது இப்போதும் அங்கேதானா? எலிக்கென்று சுவர் மேல் எதையோ வைத்தேன், எப்போது, எந்தச் சுவரில்? பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருக்கும் வாளியில் போன போகம் எதைக் கலக்கினேன்? ஒன்பது வருடமாக அந்த வீட்டில் வாழ்கிறேன். அதற்குள் என்ன கிடக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"தெரியேல்ல" என்றேன்.

அவள் தலையசைத்தாள். பிள்ளையை மறுபடி மடியில் கிடத்தி, கால் இரண்டையும் கட்டிலில் ஏற்றிக்கொண்டாள்.

"அப்ப நீங்கள் போய் வடிவாப் பாத்திட்டு வாங்கோ. அதுவரைக்கும் நாங்கள் இஞ்சதான்."